பழைய பிளேட்டில் கிரைண்டர் வைப்பதற்கு முன்

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டு ஷெட்டில் வெல்டிங் மேசை செய்ய ராணிப்பேட்டை பக்கம் பழைய இரும்புக் கடையில் 4க்கு 2 அடி, 16 மி.மீ. பிளேட் இரண்டு வாங்கினேன். மேலே சிவப்பு பெயின்ட், உரிந்த இடத்தில் மஞ்சள். கிரைண்டரில் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் போதுமா? நானும் தம்பியும் தூக்கிவிடலாமா?"

அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு கிரைண்டரைத் தொடாதீர்கள். தொழிற்சாலை இரும்பில் அந்தக் காலத்தில் அடித்த மஞ்சள் பிரைமர் (அடிப்பூச்சு) பெரும்பாலும் குரோமேட், அதாவது நச்சான குரோமியம் கலந்தது. தேய்த்தால் அது தூசியாகி மூச்சில் போகும். ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால் ஈயமாகவும் இருக்கலாம். குரோமியம் என்ன செய்யும் என்று, குரோமேட் ஆலைக் கழிவால் கெட்டுப்போன ராணிப்பேட்டை மண்ணுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று 2016இல் விதி போட்டார்கள். தொழிற்சாலை பெயின்ட்டை மட்டும் ஏன் விட்டார்கள்? அந்த இரும்புதானே கடைசியில் நம் வீட்டுக்கு வருகிறது!

பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். கையுறையும் என்95 முகமூடியும் கட்டாயம். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்துச் சுரண்டி எடுத்த பெயின்ட்டை மூட்டையாகக் கட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. வெறும் இரும்பு தெரிந்த பிறகு துருவைத் தேய்த்து, அன்றைக்கே பிரைமர், அப்புறம் எனாமல் இரண்டு கோட். மதிய வெயிலில் சுடும் பிளேட்டில் அடித்தால் கொப்புளிக்கும்.

அடுத்த முறை புதுசாகப் பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய பிளேட்டைப் புரோக்கர் காட்டினால் நம்பாதீர்கள். துரு அரித்த பள்ளத்தில் பட்டி (பள்ளத்தை அடைக்கும் பசை) அப்பி மறைத்திருப்பார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ணங்கென்று கேட்கும், பட்டி அப்பிய இடம் டொப்பென்று அமுங்கும். எடையையும் நீங்களே போடுங்கள்: சதுர அடி, மி.மீ., 0.73 மூன்றையும் பெருக்கினால் கிலோ. உங்கள் பிளேட் ஒன்று 93 கிலோ. லாரி எடைமேடையில் ஏற்றி 110 என்பார்கள். அது சின்னச் சரக்குக்கு ஆன எடைமேடையே அல்ல.

மேசையின் மேல்முகத்துக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம். வெல்டிங் மெஷினின் எர்த் வயரில் இருக்கும் கிளாம்ப் வெறும் இரும்பைப் பிடித்தால்தான் கரன்ட் ஒழுங்காக ஓடும். பெயின்ட் இருந்தால் கிளாம்ப் சூடாகி ஆர்க் தடுமாறும், வெல்டிங் சூட்டில் பெயின்ட் புகைந்து உங்கள் மூக்குக்குத்தான் போகும். பிரைமர்கூட வேண்டாம். மெல்லியதாக எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள், வெல்டிங்குக்கு முன் மறுபடி துடையுங்கள்.

இருவர் தூக்குவது கூடவே கூடாது. ஓரத்துப் பிசிறை அரம் போட்டுவிட்டு, பைப் துண்டுகள் மேல் உருட்டிக் கொண்டுபோங்கள். மேசை மேல் தூக்கி வைக்க, சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் வாடகைக்கு எடுங்கள், ஆனால் அதை ஷெட்டின் கூரை ஆங்கிளில் மாட்டாதீர்கள். அதை மாட்ட மூன்று கால் ஸ்டாண்ட் தனியாக வேண்டும். பிளேட்டைக் கவ்வித் தூக்கும் கிளாம்ப் பெயின்ட் மேல் வழுக்கும், அதனால் முதலில் ஏற்றுங்கள், பிறகு பெயின்ட். இறக்கும் இடத்தில் கட்டைகளை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். பிளேட் தொங்கும்போது தம்பியின் கை அதன் கீழே போகவே கூடாது.