ஏரிக்கு வரும் தண்ணீரை வரைந்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் வாரம் தவறாமல் போன் செய்து, பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள் என்கிறார். நீங்களும் உங்கள் மனைவியும் தூக்கமில்லாமல் தவிக்கிறீர்கள். இந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி உங்களை அனுப்பிவைக்க நான் விரும்பவில்லை. ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூலிப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை, பெண் இடையில் படிப்பை விட்டாலும் நீங்கள் கேட்டு வாங்க முடியாது. அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் மைத்துனர் அல்ல. அவர் அக்கறையோடுதான் பேசுகிறார், அதை மதியுங்கள். ஆனால் கடன் உங்களுடையது. நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப் போகிறவள் உங்கள் மகள். முடிவு இந்த இரண்டு பேருக்கும்தான் உரியது.

கடிதத்தோடு அவள் வரைந்த படம் ஒன்றின் நகலை இணைத்து, "படிக்கிற நேரத்தில் இப்படிப் பொழுதைப் போக்குகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊர்ப் புறவழிச்சாலை, அதன் மேற்கே ஏரியின் வரத்துக்கால்வாய், சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம். சிறுபாலத்தின் அடித்தளம் கால்வாய்த் தரையைவிட உயரமாக இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறாள். சாலை மண்மேடு கரைபோல நிற்பதால் மழைக்காலத்தில் மேற்குப் பக்கத்து வயல்களில் தண்ணீர் தேங்குகிறது, கிழக்கே ஏரி நிரம்பாமல், உபரிநீர் வழியும் கலங்கல் காய்ந்து கிடக்கிறது என்று ஓரத்தில் குறித்திருக்கிறாள். ஐயா, இது பொழுதுபோக்கு அல்ல. ஒரு சாலை நீரை, நிலத்தை, உயிர்களை என்ன செய்யும் என்பதைச் சாலை போடுவதற்கு முன்பே கண்டுசொல்வது ஒரு தொழில். அதற்கென்றே படிப்பு இருக்கிறது.

அதன் பெயர் பி.பிளான், திட்டமிடல் இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டுகள். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களிலும் மத்திய அரசின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஜே.இ.இ. மெயின் தேர்வின் பேப்பர் 2பி எழுதி அங்கே சேரலாம். அதில் கணிதம், பொது நுண்ணறிவு, திட்டமிடல் சார்ந்த கேள்விகள் வரும். இயற்பியல், வேதியியல் கேள்விகள் கிடையாது, ஓவியத் தேர்வும் கிடையாது. பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். இவ்வளவு தெளிவான வழியை நம் பள்ளிகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. மேற்படிப்பாகப் போக்குவரத்துத் திட்டமிடல், சுற்றுச்சூழல் திட்டமிடல், வட்டாரத் திட்டமிடல் என்று தனித்தனி முதுநிலைப் பட்டங்கள் டெல்லியில் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் எம்.பிளான் படிக்கலாம்.

என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்பீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். சாலையை எவ்வளவு அகலமாகப் போடுவது என்று முடிவு செய்ய, ஓடும் வாகனங்களை எண்ணி எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். கிராமப்புறச் சாலைகளுக்கான வழக்கமான கணக்கில் கார் 1, மோட்டார் சைக்கிள் 0.5, பேருந்து 3. நாற்பது பேருந்துகள் போனால் 120. நூற்றிருபது கார்கள் போனாலும் அதே 120. பேருந்துக்கு ஐம்பது பேர் என்றால் அந்தப் பேருந்துகளில் போகிறவர்கள் 2,000 பேர். காருக்கு இரண்டு பேர் என்றால் அந்தக் கார்களில் 240 பேர். வாகனத்தை மட்டும் எண்ணுகிறவர் மரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்தச் சொல்வார். ஆட்களை எண்ணுகிறவர் பேருந்துகளைக் கூட்டச் சொல்வார். புகை, இரைச்சல், பறிபோகும் நிலம் எல்லாம் இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகின்றன. எதை எண்ணுவது என்று கேட்கத் தெரிந்தவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் மாநிலமே பார்த்துவிட்டது. 277 கிலோமீட்டர் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கான நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் எப்படி இருந்தாலும், வயலிலும் மலையடிவாரத்திலும் கல் நட்ட பிறகு சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுவது காலம் கடந்த பேச்சு என்பது என் கருத்து. முறையாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், மகாராஷ்டிரப் பகுதியில், விலங்குகள் அடியில் கடந்துபோக ஒன்பது பாலங்கள் கட்டினார்கள். மிக நீளமானது 750 மீட்டர். புலிகள் அவற்றின் கீழே நடந்துபோவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்குப் பாலம் தேவை என்று களத்தில் அலைந்து கண்டுபிடித்தவர்கள் செய்த வேலை அது.

வேலை எங்கே கிடைக்கும்? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டும். அந்த மதிப்பீட்டைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள் 'நாபெட்' என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். நீரியல், காற்று, இரைச்சல், நிலப் பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வல்லுநரைக் காட்ட வேண்டும். இவை தவிர நகர ஊரமைப்புத் துறை, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், 'கும்டா' என்று அழைக்கப்படும் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், மெட்ரோ நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னைப் பெருநகரப் பரப்பு 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அந்தப் பரப்பில் எத்தனை ஏரிகள் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. தொடக்கத்தில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான் கிடைக்கும், சம்பளத்தில் மைத்துனர் மகனோடு ஒப்பிட்டால் மனம் நோகும். வெயிலில் நின்று வாகனம் எண்ண வேண்டும், முதுநிலைப் பட்டம் இல்லாமல் மேலே போவது கடினம். அரசுப் பணிக்கு ஒவ்வோர் அறிவிப்பிலும் தகுதியைப் படித்துப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் ஏதாவது இதே பெயரில் விளம்பரம் செய்தால், இந்திய நகர ஊரமைப்பாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும், முதல் வேலையின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டும் கடன் வேண்டாம். நிலத்தைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத்தில் பி.இ., பி.டெக். தேர்வுக்கான பேப்பரைத் தேர்ந்தெடுத்தால் பி.பிளான் தேர்வு தானாகச் சேர்ந்துவிடாது. அதைத் தனியே குறிக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் பழக்கத்தில் முதல் கட்டத்தை மட்டும் டிக் செய்து அனுப்பிவிடுவார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையாலேயே விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லுங்கள்.