ஆட்டக்காரர் எழுதினால் படிக்கலாமா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்குக் கால்பந்து என்றால் உயிர். வீரர்களின் தன்வரலாறுகளை வாங்கித் தரச் சொல்கிறான். 'அதெல்லாம் ஆள் வைத்து எழுதுவது, காசைக் கரியாக்காதே' என்கிறார் என் அண்ணன். வாங்கிக் கொடுக்கலாமுங்களா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள். அட்டையில் இருக்கும் முகத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனியின் முதல் புத்தகம் 2006-இல் வந்தபோது அவருக்கு வயது 20. 12 ஆண்டுகளில் 5 புத்தகங்கள் என்று ஒப்பந்தம். வாழாத ஆண்டுகளுக்கும் சேர்த்து விலை பேசிவிட்டார்கள். மறுநாளும் அதே பயிற்சியாளர் முன்னால் போய் நிற்க வேண்டிய பையன் எதை மனம்விட்டுச் சொல்வான்?

ஆனால் உங்கள் அண்ணன் சொல்லும் காரணத்தை நான் ஏற்க மாட்டேன். சின்ன வயதிலிருந்து மைதானமே கதி என்று கிடந்தவருக்கு எழுத ஒரு துணை வேண்டியிருப்பதில் என்ன தப்பு? சொல்ல வேண்டியதை அவர் சொன்னாரா என்பதுதான் கேள்வி. மான்செஸ்டர் யுனைடெட் அணித் தலைவராக இருந்த ராய் கீன் சொன்னார். எதிரணி வீரர் ஆல்ஃபி ஹாலண்டின் முழங்காலில் 2001-இல் தான் உதைத்தது பழைய பகைக்காகத்தான் என்பது 2002-இல் வந்த அவர் புத்தகத்தில் அப்பட்டமாக இருந்தது. (இந்த ஹாலண்ட், எர்லிங் ஹாலண்டின் அப்பா. உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும்.) இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கீனுக்கு 5 ஆட்டங்கள் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் போட்டது. அவர் செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை மறைக்காத புத்தகத்தை மதிக்கிறேன்.

கீனுக்கு எழுதிக் கொடுத்த ஏமன் டன்ஃபியும் ஒரு பழைய ஆட்டக்காரர்தான். மில்வால் அணியில் இருந்தபோது 1973-74 சீசனில் அவர் எழுதிய நாட்குறிப்பு, 'ஒன்லி எ கேம்?' என்று 1976-இல் புத்தகமானது. கோப்பை எதுவும் ஜெயித்த கதையல்ல. அணியில் இடம் பறிபோகிறது. வெளியே உட்கார்ந்து பார்க்கும்போது தன் அணியே தோற்க வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. உள்ளே ஆடுகிறவர்கள் நேற்றுவரை தோளில் கை போட்டு நடந்த கூட்டாளிகள். இதை எந்த வர்ணனையாளரும் நமக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. அனுபவித்தவர் வாய் திறந்தால்தான் உண்டு. அப்படி ஒரு பக்கம் கிடைத்தாலே கொடுத்த விலை தகும் என்பேன்.

இங்கிலாந்து வீரர் ஆஷ்லி கோல் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லத்தான் 2006-இல் புத்தகம் போட்டார். அவர் ஆடிய ஆர்சனல் அணி வாரம் 55,000 பவுண்டுதான் தரும் என்று கேட்டதும் ஆத்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்த கார் சாலையை விட்டே இறங்கப் பார்த்ததாம். ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை. பணம் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்காக அதையும் படிக்கலாம், பையன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

முதலில் டன்ஃபியை வாங்கிக் கொடுங்கள். பள்ளி அணிப் பட்டியலில் பெயர் வராத நாள் அவனுக்கும் வரலாம்.

அப்புறம் ஒரு ஆசை. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை வென்று சென்னை சிட்டி அணி, இந்தியக் கிளப்புகள் மோதும் ஐ-லீக் பட்டம் வாங்கியது. அதில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். அவர்களில் யாராவது அந்த சீசனைத் தமிழில் எழுத முன்வந்தால், எழுதத் துணையாக நானே உட்காருகிறேன். இந்தப் பத்திரிகையில் தொடராகப் போடுகிறேன்.