என்ஏசி என்றால் என்ன? அப்ரண்டிஸை பாதியில் விட்டு வேறு வேலைக்குப் போகலாமா?

ஐடிஐ படித்துத் தேர்வு எழுதி வாங்குவது என்டிசி, அதாவது தேசிய தொழிற்சான்றிதழ். தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்து, அதன் முடிவில் தேர்வெழுதிப் பெறுவது என்ஏசி, அதாவது தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது.

இரண்டு சான்றிதழ் எதற்கு? வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர் கல்யாணப் பந்திக்குச் சமைக்கும்போது கைப்பழக்கமே வேறு. அடுப்பு, அளவு, நேர நெருக்கடி எல்லாம் மாறிவிடும். ஃபிட்டர், டர்னர் வேலையும் அப்படித்தான். வகுப்பில் ஒரு துண்டு கெட்டால் இன்னொன்று எடுக்கலாம். ஓடும் லைனில் அது முடியாது. அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்பதற்கான அத்தாட்சிதான் என்ஏசி. ரயில்வே, பொதுத்துறை வேலை அறிவிப்புகளில் இதைக் கேட்பதும் அதனால்தான்.

மாதம் சில ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஒன்பதாவது மாதத்தில் விலகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை. பாதியில் விட்டால் சான்றிதழ் கிடையாது. வீட்டுச் சூழல் அனுமதித்தால் தேர்வை முடித்துவிட்டு மாறுங்கள்.

அப்ரண்டிஸ் முடித்தால் அதே கம்பெனி வேலை தந்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.