ஒரு நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் வரலாற்றைக் காப்பாற்ற எங்கே தொடங்க வேண்டும்?

ஒரு நகரத்தில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர்களின் கதையை எப்படிச் சேகரிப்பது, எப்படி மற்றவர்களிடம் கொண்டுசேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இணையதளமும் கண்காட்சியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வயதானவர்களைத் தேடிப் போங்கள்.

மற்ற குடும்பங்களில் கடிதமும் புகைப்படமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். இங்கே பெரும்பாலும் அந்த வழி இல்லை. ஒருவர் இறந்தபின் அறையைக் காலி செய்ய வரும் உறவினருக்குப் புகைப்படத்தில் அவர் தோளில் கை போட்டிருப்பவர் யாரென்று தெரியாது. தெரிந்தால், அதனாலேயே கிழித்துப் போடுவதும் உண்டு. நூலகங்களில் இந்த வரலாறு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய ஜெர்மன் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள். நான்கு நாட்களில் அதன் நூல்கள் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. வெளிநாட்டில் இருந்த அவர் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. 1935இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார். அவருடைய இளம் துணைவர் லி ஷியு டோங், ஹிர்ஷ்பெல்டின் உடைமைகள் சிலவற்றை வாழ்நாள் முழுவதும் தன்னோடு வைத்திருந்து, 1993இல் கனடாவின் வான்கூவரில் காலமானார். அவை குடியிருப்பின் குப்பைக்குப் போயின. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கண்ணில் பட்டதால் ஒரு பெட்டி தப்பியது. உள்ளே ஹிர்ஷ்பெல்டின் முகத்தில் வார்த்தெடுத்த மரண முகமூடியும் அவருடைய தாள்களும் இருந்தன. அந்த மனிதர் இணையத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டு வைத்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் ரால்ஃப் டோஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதைப் பார்த்தார். இதைப் படித்த நாளிலிருந்து, நான் சந்திக்கும் ஒவ்வொரு முதியவரிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் தாள்கள் யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? உயிலில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரிதான் பெரும்பாலும் இருப்பதில்லை.

எதைச் சேகரிப்பது? அற்பமாகத் தோன்றுவதை எல்லாம். விழா அழைப்பிதழ், விடுதியின் தீப்பெட்டி, முகவரிக் குறிப்பேடு, கையால் எழுதி நகலெடுத்த செய்திமடல். 1966 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில், காம்ப்டன்ஸ் என்ற உணவகத்தில் திருநங்கைகளும் அவர்களுடைய தோழர்களும் போலீஸாரின் தொல்லையை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமை இயக்கத்தின் திருப்புமுனையாகப் பேசப்படும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கிளர்ச்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய நிகழ்வு அது. நாளிதழ்கள் கண்டுகொள்ளவில்லை. 1972இல் அங்கே நடந்த தன்பாலீர்ப்பாளர் பெருமைப் பேரணியின் நிகழ்ச்சிக் கையேட்டில் அதைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்தக் கையேடு வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கரின் கையில் கிடைத்த பிறகே அந்த இரவு வரலாற்றுக்குள் வந்தது. அதன் சரியான தேதி இன்றும் தெரியாது. பேரணி முடிந்ததும் எல்லோரும் வீசியெறியும் கையேட்டை யாரோ ஒருவர் பத்திரப்படுத்தியிருக்கிறார். அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

ஒலிப்பதிவுக்குப் போகும்போது நகரத்தின் பழைய வரைபடம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்றால் பலர் திகைத்து நின்றுவிடுவார்கள். 'சனிக்கிழமை மாலை எங்கே போவீர்கள்? எந்த வழியாக? யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டால் விரல் வரைபடத்தில் நகரத் தொடங்கும். இடிக்கப்பட்ட திரையரங்கு, பூங்காவின் பின்வாசல், கடைசி பஸ் என்று நகரம் விரியும். புகைப்படங்களுக்குப் பின்னால் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் பென்சிலால் அப்போதே எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.

நீதிமன்ற, காவல்துறைப் பதிவேடுகளும் உதவும். ஆனால் அவை எதிராளி எழுதியவை. நாளும் இடமும் அங்கிருந்து எடுக்கலாம். மனிதர்களின் குணத்தை எடுக்கக் கூடாது. கைதானவர்களின் பெயர்களை வெளியிடுவதையும் நான் ஏற்கமாட்டேன்.

சம்மதம் பற்றி இன்னும் கண்டிப்பாக இருங்கள். பேசுபவர் தன் கதையைத்தான் தர முடியும். அதே படத்தில் நிற்கும் நண்பரின் கதையைத் தர அவருக்கு உரிமை இல்லை. இப்போதே வெளியிடலாமா, தன் மறைவுக்குப் பிறகா, பெயரோடா, பெயரில்லாமலா என்று எழுத்தில் வாங்குங்கள். மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்பதும் அதில் இருக்கட்டும். அப்படி ஒருவர் திரும்பக் கேட்டால், எவ்வளவு அருமையான பதிவானாலும் கொடுத்துவிட வேண்டும்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். யாரும் சொந்தப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் என்ற பழைய இணையதளத்தில் தன்பாலீர்ப்பாளர்களின் பக்கங்களுக்கென்றே 'வெஸ்ட் ஹாலிவுட்' என்ற பேட்டை இருந்தது. 2009இல் தளமே மூடப்பட்டது. மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய பெண் தன்பாலீர்ப்பாளர் ஆவணக் காப்பகம் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜோன் நெஸ்லேயின் அடுக்குமாடி வீட்டில்தான் நெடுங்காலம் இயங்கியது. புரூக்ளினில் சொந்த வீட்டைத் திறந்தது 1993இல். காசும் இடமும் வைத்திருந்த ஆண்களின் சுவடுகளே எங்கும் அதிகம் எஞ்சியிருப்பதால், பெண்களையும் திருநர்களையும் ஏழைகளையும் நீங்களே தேடிப் போக வேண்டும்.

பகிர்வதற்கு நான் மிகவும் விரும்பும் வழி நடைப்பயணம். இருபது பேர் ஒரு தெருமுனையில் நின்று, அங்கே நடந்ததை அங்கேயே கேட்பதற்கு ஈடு இல்லை. பேச ஒப்புக்கொண்ட முதியவர் ஒருவர் உடன் வந்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். மறைந்துபோன இடங்களை மட்டும் காட்டுங்கள். இன்றும் ஆட்கள் அச்சத்தோடு சந்தித்துக்கொள்ளும் இடம் எதுவும் உங்கள் நடையிலோ வரைபடத்திலோ வரக்கூடாது.