பராங் கைப்பிடியைக் காட்டியவர்

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். அம்மாவுக்கு 64 வயது. போன மாதம் மூலிகைத் தோட்ட வகுப்பு ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டேன். ஆசிரியர் பிரண்டைப் படத்தைக் காட்டி விளக்கினாராம். எந்தக் கணுவரை பறிப்பது, நாக்கு அரிக்காமல் எப்படித் துவையல் அரைப்பது என்று அம்மா சொல்லத் தொடங்கியதும், "கேள்விகள் எல்லாம் கடைசியில்" என்றுவிட்டாராம். அம்மா கையில் இப்போது சான்றிதழ் இருக்கிறது. வாழ்நாள் கற்றலில் அம்மாவைப் போன்றவர்களுக்கு மாணவர் நாற்காலி மட்டும்தானா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா கேள்வியா கேட்டார்? சிரித்துவிட்டேன், அப்புறம் கொஞ்சம் வலித்தது.

நம் ஊரில் இது பழைய கதை. 1842-ல் இங்கே ஒரு மலாய் மரவெட்டியின் பராங் (வெட்டுக்கத்தி) கைப்பிடி வில்லியம் மான்ட்காமரி என்ற வெள்ளைக்கார மருத்துவரின் கண்ணில் பட்டது. விசாரித்தார். கைப்பிடி செய்தது கட்டாப்பெர்ச்சா மரத்துப் பாலில். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். மாதிரிகள் லண்டன் போயின, மருத்துவருக்குத் தங்கப் பதக்கம் வந்தது. 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறை அந்தப் பால்தான். மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்ததால் இங்குள்ள காடுகளில் அது அருகிப்போனது. கைப்பிடி வைத்திருந்தவர் இன்றும் 'ஒரு மலாய்க்காரர்' மட்டுமே.

பணம் இப்போது தடையில்லை. 2016 முதல் 25 வயதை எட்டிய குடிமக்களுக்கு, அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி தந்தது. 2024-ல் 40 வயதை எட்டியவர்களுக்கு மேலும் 4,000. ஆனால் அதெல்லாம் கற்றுக்கொள்ளத்தான். ஏற்கெனவே தெரிந்ததை எங்கே பதிவது?

முடியாத காரியமில்லை. சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000-ல் சட்டம் வந்தபோது, முன்பே தொழில் செய்துவந்தவர்களின் அனுபவத்தையும் எடைபோட்டுத்தான் சேர்த்தார்கள். சித்த வைத்தியத்துக்கு இங்கே அப்படி ஒரு பதிவேடு இல்லை.

அதற்காகப் பாட்டி சொன்னதெல்லாம் சரி என்று வாதாட மாட்டேன். தீக்காயத்துக்குப் பேனா மை தடவிய வீட்டில் வளர்ந்தவன் நான். சோதிக்கட்டும். சோதிப்பதற்கும் முதலில் காது கொடுக்க வேண்டுமே! அந்த வகுப்பில் அம்மாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் ஆசிரியருக்கே ஒரு பாடம் கூடியிருக்கும். நடத்தியவர்களுக்கு இதையே எழுதுங்கள். அடுத்த முறை பிரண்டைப் பாடத்தை அம்மா எடுக்கட்டும், அதற்கான சம்பளத்தோடு.

சரி, அம்மாவின் தொட்டியில் பிரண்டை நன்றாகப் படர்ந்திருக்கிறதா? இரண்டு கணு ஒடித்துத் தருவார் என்றால் ஈசூனுக்கு வருகிறேன்.