நெஞ்சில் கோத்த நீரை ஊசியால் எடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு முதுகுப் பக்கம் ஊசி செலுத்தி நீர் எடுக்கப் போகிறார்கள். நுரையீரலைக் குத்திவிடாதா?

பதில்: நீர் தேங்குவது நுரையீரலுக்குள் அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில். நோயாளியை உட்காரவைத்து, மேசைமேல் கைகளை ஊன்றி முன்னால் சாயச் சொல்லி, அல்ட்ராசவுண்டில் நீரின் ஆழத்தைப் பார்த்து இடம் குறித்த பிறகே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுவதால், நீர் எடுக்கும் ஊசியை அடுத்த எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செலுத்துவார்கள். நுரையீரலில் துளை விழுந்து காற்று கசிவது உண்டு. ஸ்கேன் பார்த்துச் செய்தால் அது குறைகிறது. இருமல் வருவதுபோல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வலிக்குமா?

பதில்: மரப்பு ஊசி சுருக்கென்று எரியும். அதன்பின் பெரும்பாலும் அழுத்தம்தான் தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு ஒன்றரை லிட்டரோடு நிறுத்திவிட்டார்கள். முழுவதையும் எடுத்திருந்தால் மறுபடி குத்த வேண்டியிருக்காதே?

பதில்: நிறுத்தியது சரி. பல நாள் நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால், அதற்குள்ளேயே நீர் கசிந்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். அது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது.

கேள்வி: இதை ஏற்க முடியாது. என் அண்ணனுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஆகாமல் போயிருக்கலாம், நோயாளி தொல்லையின்றி இருந்தால் கவனமாகக் கூடுதலாக எடுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் எல்லாருக்கும் அதையே கேட்பது தவறு. கடைசியில் நுரையீரல் விரியும்போது லேசான இருமல் வருவது இயல்பு. நெஞ்சு இறுகினாலோ வலித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பவர்களை நினைத்தே அஞ்சுகிறேன். தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: நீர் வெளிர்மஞ்சளாக இருந்தது. புற்றுநோய் இல்லைதானே?

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. நீரிலுள்ள புரதத்தையும் எல்டிஹெச் நொதியையும் இரத்தத்தில் உள்ள அளவுகளோடு ஒப்பிடும் முறை 1972 முதல் வழக்கில் இருக்கிறது. புரத விகிதம் 0.5ஐத் தாண்டினால் தொற்று, காசநோய், புற்றுநோய் போன்றவற்றைத் தேட வேண்டும். இரண்டு அளவுகளும் குறைவாக இருந்தால் இதயம், கல்லீரல், சிறுநீரகம் பக்கம் பார்ப்பார்கள். முதல் மாதிரியில் புற்றணு தென்படாததால் மட்டும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: ஊசி நுரையீரலைக் குத்துமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுங்கள், முடிவு அவருடையது.

கேள்வி: மறுபடியும் நீர் சேர்ந்துவிட்டது. சரியாக எடுக்கவில்லையா?

பதில்: எடுத்தது நீரை, காரணம் உள்ளேயே இருக்கிறது. பரிசோதனை முடிவுகளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத்திணறல் திடீரென்று கூடினால் அவசர சிகிச்சைக்கே போங்கள். இங்கே பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.