அர்த்தமில்லை என்று வேலையை விட நினைக்கும் மகன்: நீடாமங்கலம் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். மூன்று ஏக்கரில் மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரை, அடகு வைத்து மகனை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்திருக்கிறீர்கள். ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது தெருவுக்கே இனிப்பு கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்து, "இந்த வேலையில அர்த்தமே இல்லம்மா, ஊருக்கு வந்து நாலு பேருக்குப் பயன்படற மாதிரி ஏதாவது செய்யறேன்" என்கிறான். "நாங்க பட்ட பாடு அவன் படக்கூடாதுன்னுதானே சார் படிக்க வெச்சோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் சொல்வதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்காக அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். படிப்பு, வேலை பற்றி ஆலோசனை கேட்டு வந்து, "அர்த்தமில்லை" என்ற சொல்லைக் கும்பகோணத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன பிள்ளைகள் நிறையப் பேர். பேசிப் பார்த்தால் சிலருக்குத் தூக்கமில்லை, அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், ஒரே அறையில் நான்கு பேர், பகலில் தூங்க வெயில் விடாது, சாப்பாடு சரியில்லை. அந்த நிலையில் யாருக்கும் எதிலும் அர்த்தம் தெரியாது. ஷிஃப்ட் மாறி, அறை மாறி, ஒரு மாதம் நன்றாகத் தூங்கியதும் அந்தப் பேச்சை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் அடுத்த முறை போனில் பேசும்போது லட்சியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான், போன வாரம் வேலையில் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டானா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆறு மாதமாக ஒரே பதில் "ஒண்ணும் இல்ல" என்றால், அவன் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணிடம், "உனக்கு எதில் ஆர்வம்? உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டது. கூட வந்திருந்த அப்பா திகைத்துப் போய் நின்றார். நல்ல கேள்வி கேட்டதாக அன்றைக்கு நினைத்தேன். பதினேழு வயதுப் பிள்ளை உலகத்தில் எதையுமே செய்து பார்க்காமல் தன் நோக்கத்தை எங்கிருந்து எடுத்துத் தரும்? கண்ணை மூடி யோசித்தால் கிடைக்கும் பொருள் இல்லை அது. ஒரு வேலையைக் கையில் எடுத்துச் செய்யும்போது, அதனால் யாரோ ஒருவருக்கு ஒரு கஷ்டம் குறைவதைக் கண்ணால் பார்க்கும்போது, மெதுவாக வந்து ஒட்டிக்கொள்வது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. யாருடைய எந்தக் கஷ்டம் உனக்குத் தெரியும், அதைத் தீர்க்க உன் கையில் என்ன திறமை இருக்கிறது, அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறேன். உங்கள் மகனிடமும் இதையே கேட்கப் போகிறேன்.

நல்ல வேளை, அவன் வெறுமனே "ஏதாவது" என்று சொல்லவில்லை. நெல் காயவைக்கும் மிஷின் செய்வதாகச் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் மனம் நின்றது. சின்ன வயதில் அவன் கண்ணால் பார்த்த கஷ்டம் அது. ஜூனில் மேட்டூர் அணை திறந்து குறுவை என்ற குறுகிய கால நெல் போட்டால் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வரும், மழையும் அப்போதுதான் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, மழை வந்தால் மூடி, வெயில் வந்தால் கிளறி, அதற்குள் முளை கட்டிவிடும். உங்கள் வீட்டில் இது நடக்காத வருடம் உண்டா?

தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் ஒரு மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நிஃப்டம் என்று இப்போது பெயர். அது எங்கே பிறந்தது தெரியுமா? 1967-ல் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலையோடு சேர்ந்த சின்ன ஆய்வுக்கூடமாக. அறுபதுகளில் குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன, குறுவை பெருகியது, ஈர நெல் மலைபோல் குவிந்தது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் கஷ்டத்திலிருந்து ஒரு ஆய்வுக்கூடம், அப்புறம் ஒரு நிறுவனம், இன்றைக்கு நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து பட்டம் படிக்கும் இடம். உங்கள் மகன் மனதில் இருப்பது அதே ஈர நெல்தான். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் ரோட்டில் நெல் காய்கிறது என்றால் மிஷின் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, மிஷின்கள் எப்போதோ வந்துவிட்டன. சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அவனுடைய முதல் வேலை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று நம் பக்கம் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விரட்டிவிட்டோம். ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவன்தான் கணக்கை மற்றவர்களைவிட நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு டன் நெல்லை 22 சதவீத ஈரத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிலோ தண்ணீரை ஓட்ட வேண்டும். அப்படியென்றால் 1,000 கிலோ நெல், 940 கிலோவாகக் குறையும். விவசாயி மிஷினுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், எடையும் இழக்க வேண்டும். மழையைப் பார்த்து மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தும் வருடங்கள் உண்டு. அந்த வருடம் எவர் காசு கொடுத்துக் காயவைப்பார்? மிஷின் சும்மா நிற்கும், கடன் தவணை நிற்காது.

இதைக் கேட்டதும் அவன் மனம் உடையலாம். உடைய வேண்டியதில்லை. அதே மிஷினுக்கு வேறு ஆள் இருக்கலாம். விதை நெல் உற்பத்தி செய்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கு ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சூடு அதிகமானால் முளைப்புத் திறன் போய்விடும். ரோட்டில் காய வைத்து அதைச் சாதிப்பது சிரமம், விதைக்கு விலையும் கூடுதல். அவர்கள் காசு கொடுக்க யோசிக்கும் அளவு வேறு, உங்கள் பக்கத்து வயல்காரர் யோசிக்கும் அளவு வேறு. தை, மாசியில் சம்பா, தாளடி அறுப்பு, அதன் பின் தரிசு உளுந்து, பட்டுக்கோட்டை பக்கம் போனால் தேங்காய்ப் பருப்பு. வருடத்தில் எத்தனை நாள் அந்த மிஷின் ஓடும் என்பதில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. அவன் மெக்கானிக்கல் படித்தவன், இரண்டு வருடம் தொழிற்சாலையில் கை பழகியவன். குறுவை அறுப்பு சமயத்தில் நம் வயலில் இறங்கும் பெல்ட் வைத்த நெல் அறுவடை மிஷின்களில் பெரும்பகுதி வெளி மாவட்டத்திலிருந்து வருபவை. சேற்றில் ஒரு பெல்ட் அறுந்தாலோ பேரிங் போனாலோ சாமான் வாங்க டவுனுக்கு ஓடுகிறார்கள். மிஷின் அரை நாள் நிற்கும். மிஷின்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை போகிறது, வயல்காரருக்கோ வானம் கறுக்கிறது. இரண்டு பேரும் அந்த நிமிடத்தில் காசு கொடுக்கத் தயார். நெல் நனையாமல் இருக்க உலர்த்தி ஒரு வழி என்றால், அறுப்பு தடைபடாமல் இருப்பதும் ஒரு வழிதானே? ஒரு பழைய மினி வேனில் உதிரிபாகங்களோடு வயலுக்கே வரும் மெக்கானிக் ஒருவனால் ஒரு பருவத்தில் எத்தனை ஏக்கர் நெல் மழைக்கு முன்னால் வீடு வந்து சேரும் என்று யோசித்துப் பாருங்கள். "இன்ஜினியர் படித்துவிட்டு ரிப்பேர் வேலையா" என்று உறவினர் சொல்வார்கள். எனக்கு அது மதிப்பான வேலையாகத் தெரிகிறது. இதையே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கஷ்டத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நாம் நினைத்த வழிக்குப் பக்கத்திலேயே வேறு வழி இருக்கும், அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 டிசம்பரில் காலமானார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். அவரை நினைக்கும்போது எனக்கு ஆச்சரியம் தருவது அந்த எண்ணிக்கை இல்லை. விதைத் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். நன்கொடையை நம்பி மட்டும் இருந்திருந்தால் நன்கொடை நின்ற அன்று வேலையும் நின்றிருக்கும். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் வயலுக்கு வயல் பரவியதற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம். நல்ல மனசு நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த மனசைத் தானே சுழலும் ஒரு ஏற்பாடாக மாற்றத் தெரிந்தவர் அவர். உங்கள் மகன் கற்க வேண்டியது இதைத்தான். லாபம் வந்தால்தான் அவன் அடுத்த வருடமும் அந்த வயலுக்குப் போக முடியும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலையை விடட்டுமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். கல்விக் கடன் இன்னும் இருக்கிறது, மூன்று மா அடகில் இருக்கிறது. அந்த மூன்று மாவை அவன் சம்பளத்திலிருந்து மீட்டு முடிக்கட்டும், வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக ஒதுங்கட்டும். தொழில் தொடங்கும்போது முதுகில் அடகு நிலம் இருக்கக் கூடாது. நிலத்தை மறுபடி அடகு வைக்கும் பேச்சு வந்தால் நீங்கள் உறுதியாக மறுத்துவிடுங்கள், அதற்கு என் பெயரையும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் குறுவை அறுப்புக்கு அவன் பதினைந்து நாள் லீவு போட்டு வரட்டும். வீட்டில் இருக்க வேண்டாம். ஒரு பெல்ட் மிஷின்காரரோடு பேசி, காலையிலிருந்து இரவு வரை கூடவே போகட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மிஷின் எப்போது நின்றது, எந்தப் பாகம் போனது, எவ்வளவு நேரம் வீணானது, அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதட்டும். மாலையில் கொள்முதல் நிலையத்தில் நின்று எத்தனை பேருடைய நெல் ஈரம் என்று திரும்புகிறது, அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கட்டும். ஒரு நாள் தஞ்சாவூர் போய் நிஃப்டத்தில் உலர்த்திகளைப் பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் கேள்வி கேட்டு வரட்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் தூரமில்லை. பதினைந்து நாள் சேற்றில் நின்ற பிறகும் ஊருக்கு வர வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால், அந்த ஆசையை நான் நம்புவேன்.

மானியத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, திட்டச் செலவு 10 லட்சம் முதல் 5 கோடி வரை, மானியம் 25 சதவீதம். நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழில் தேர்ந்தெடுத்தவர்கள் மிஷினைப் பாதி விலைக்கு விற்றதைப் பார்த்திருக்கிறேன். முதலில் நோட்டு, அப்புறம் திட்டம்.

ஒருவேளை அவன் வர வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் தோல்வியாக எண்ணாதீர்கள். அவன் இப்போது சரிபார்க்கும் பாகம் பிரேக் சம்பந்தப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கையிலிருந்து தப்பிப் போகும் ஒரு பழுதான பாகம் எங்கோ ஒரு குடும்பத்தின் வண்டியில் இருக்கும். அது அவனுக்கு யாரும் சொல்லாத அர்த்தம். அந்தக் கம்பெனியிலேயே வேறு பிரிவுக்கு மாறினால் போதும் என்றுகூட ஆகலாம். ஊருக்குத் திரும்பி வருவது மட்டும்தான் பயனுள்ள வாழ்க்கை என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை.

கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும் என்று அவன் அப்பா கவலைப்படுவது நியாயம்தான். இரண்டு வருட கால அளவு வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்தில் தொழில் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வேலைக்குப் போவதாக அவனே எழுதிக் கொடுக்கட்டும். அந்த இரண்டு வருடமும் நீங்கள் இருவரும் அவனைக் குத்திப் பேசக் கூடாது. அது உங்கள் பக்கத்து ஒப்பந்தம்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை கும்பகோணம் வாருங்கள். மூன்று பேரும் வர வேண்டும், முக்கியமாக அவன் அப்பா. நாற்பது வருடம் அந்த வயலில் நின்றவர், பிள்ளைக்குத் தெரியாத பத்து கஷ்டமாவது அவருக்குத் தெரியும். தம்பியிடம் அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை.